குருத்தோலை கட்டிய படகு

ஜனவரி 4, ஞாயிறு

நுஸ்வார் தீவுக்கு நேற்று ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டோம். ஜகார்த்தாவிலிருந்து அம்போனுக்கு விமானம், அங்கிருந்து துவால் டவுனுக்கு இன்னொரு விமானம், டவுனிலிருந்து ஆறு மணி நேரம் படகு. படகில் இவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும் என்ற பயம்.

எங்கள் மில் இருக்கும் பூர்வகர்த்தாவில் மற்ற தமிழ்க் குடும்பங்கள் லீவு விட்டால் பாலிக்குப் போவார்கள், இல்லையென்றால் சிங்கப்பூர் போய் சூட்கேஸ் நிறைய வாங்கி வருவார்கள். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜாவாக்காரர்களே "அது எங்கே இருக்கு?" என்று கேட்கிறார்களோ, அந்த ஊருக்குப் போக வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷத்தில் அப்படிப்பட்ட இடங்களாகத் தேடித் தேடிப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இவரையும் இழுத்துக்கொண்டுதான். மனுஷர் மில், வீடு, செய்தி சேனல் என்று இருக்கிற ஆள். "உனக்குக் காலுல சக்கரம் கட்டியிருக்குது வாணி" என்பார். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிடுவார்.

ஜனவரியில் மேற்குக் காற்று, கடல் மோசமாக இருக்கும், மே மாதம் போங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மே மாதம் நான் உடுமலையில் உட்கார்ந்து ஊரார் கொண்டுவரும் கல்யாணப் பத்திரிகைகளை வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன். மாதக் கடைசியோடு மில்லில் இவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. முப்பதாம் தேதி டிக்கெட் போட்டாயிற்று. "இதுதான் கடைசி ஊர் சுத்தல்" என்று படகில் ஏறும்போது சொன்னார்.

தங்கியிருப்பது லெவினா என்ற விதவையின் வீட்டில். என் வயதுதான் இருக்கும். சிரித்தால் பலகை வீடு அதிர்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் தீவின் உள்பக்கம் நடந்தோம். ஒரு தென்னந்தோப்பு. நடைபாதை ஓரமாக இரண்டு கம்பு நட்டு, குறுக்கே குருத்தோலையைப் பின்னிக் கட்டியிருந்தார்கள்.

"கல்யாணம் நடந்திருக்கும்" என்றேன். ஜாவாவில் கல்யாண வீட்டு வாசலில் குருத்தோலையை வளைத்து வளைத்துக் கட்டுவது எனக்குத் தெரியாதா? நம் ஊர்த் தோரணத்துக்கு அண்ணன் தம்பி முறை.

"கல்யாணத்துக்கு எதுக்கு புள்ள தோப்புக்குள்ள கொண்டாந்து கட்டறாங்க?" என்றார்.

"ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு வழக்கமுங்க. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

மதியம் லெவினா சுட்ட மீன் கொடுத்தாள். இவர் முள்ளோடு மல்லுக்கட்டினார்.

ஜனவரி 6, செவ்வாய்

கடல் வற்றியபோது ஒரு மைல் தூரத்துக்கு மணல் திட்டு வெளியே வந்தது. அங்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து எனக்குத் துடிப்பு. பாதி வழியில் இவருடைய செருப்பு வார் அறுந்தது. திரும்பலாம் என்றார். வெறும் மணல்தானே, சும்மா வாங்க என்றேன். போனோம். நட்சத்திர மீன்கள் கையளவு அகலம், நீல நிறம். இப்படி ஒரு நீலத்தை நான் துணியில்கூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பாயில் ரத்தம். யாருடையது என்று தேடினால் இவர் குதிகாலில் பவளப் பாறை கிழித்திருக்கிறது. இவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை வந்து பத்து வருஷமாகிறது, பாதத்தில் உணர்ச்சி குறைவு. கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றிவிட்டேன். சின்னக் காயம்தான்.

ஜனவரி 7, புதன்

டவுனுக்குப் போகும் படகு புதனும் சனியும் வரும். இன்று காலை வந்தது. "போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்தரலாமா?" என்று கேட்டார். போனால் சனிக்கிழமைதான் திரும்பி வர முடியும், வந்ததும் கிளம்ப வேண்டியதுதான். நாளைக்கு மலைக்கு நடுவில் இருக்கும் ஏரியைக் காட்டுவதாக உள்ளூர்ப் படகுக்காரன் யோப்பி சொல்லியிருக்கிறான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

"சனிக்கிழமை எப்படியும் போறமுங்க. அப்பப் பாத்துக்கலாம். என்ன, சின்னக் காயம்."

"செரி" என்றார். அவரும் ஒன்றும் வற்புறுத்தவில்லை. படகுக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் வரவில்லை என்று லெவினாவைச் சொல்லச் சொன்னேன்.

துணி துவைத்துப் போட்டேன். உப்புக் காற்றில் காயவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 8, வியாழன்

ஏரி! எப்படி எழுதுவது? யோப்பி முன்னால் வெட்டுக்கத்தியோடு வழி செய்துகொண்டு போனான். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு இடத்தில் மரங்கள் சட்டென்று விலகின. கீழே கறுத்த தண்ணீர், அசைவே இல்லை. கையில் அள்ளி வாயில் வைத்தேன், உப்பு. எங்கிருந்தோ அடியில் கடலோடு தொடர்பு இருக்கிறதாம். வெள்ளைக் கொண்டைக் கிளிகள் கூட்டமாக எழுந்து கத்திவிட்டு அடங்கின. நான் அழுதுவிட்டேன். இந்த நாட்டை விட்டு நான் எப்படிப் போவேன்?

இவர் வரவில்லை. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். திரும்பி வந்து ஏரியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

குதிகாலைச் சுற்றி வீக்கம். தொட்டால் சுடுகிறது. மருந்துப் பெட்டியில் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். நாளைக்குப் படகு வந்துவிடும்.

ஜனவரி 10, சனி

படகு வரவில்லை.

விடிந்ததிலிருந்து காற்று. அலை வந்து லெவினாவின் கோழிக்கூண்டைக் கொண்டுபோய்விட்டது. தீவுக்கு ஒரே ஒரு செல்போன் கோபுரம், அதுவும் கிறிஸ்துமஸிலிருந்து வேலை செய்யவில்லையாம். இங்கே இருக்கும் நர்ஸ் பண்டிகைக்கு டவுனுக்குப் போனவர். அவரும் இதே படகில்தான் திரும்ப வேண்டும்.

ராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

வீக்கம் கணுக்கால் வரைக்கும். குதிகாலில் கறுப்பு. வாடை வருகிறது. ஜன்னலை மூடினால் தாங்க முடியவில்லை, திறந்தால் அவருக்குக் குளிர் நடுங்குகிறது.

"வாணி, வலியே இல்ல. அதுதான் பயமா இருக்குது" என்றார். நான் சிரித்துக்கொண்டே "எல்லாம் சரியாப் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

புதன்கிழமையே போயிருந்தால் மட்டும் என்ன? அன்றைக்குக் காயம் சின்னது. ஒரு ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள். அவ்வளவுதான்.

ஜனவரி 13, செவ்வாய்

யோப்பியிடம் கெஞ்சினேன். இந்த அலையைத் தாண்டக்கூடிய படகு இந்த ஊரில் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது, இரண்டு எஞ்சின் வைத்த ஃபைபர் படகு. மற்றவர்களிடம் இருப்பவை மீன் பிடிக்கும் சின்ன வள்ளங்கள்.

"இபு, எனக்கு ரெண்டு குழந்தைங்க. மூணாவது வயித்துல" என்றான். இபு என்றால் இங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. கடைசியில் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வியாழக்கிழமை காலையில காத்து கொஞ்சம் ஓயும். ஒரு நாள், ரெண்டு நாள் ஓயும். அப்ப கொண்டுபோறேன்."

வியாழக்கிழமை தை முதல் தேதி.

ஜனவரி 14, புதன்

படகு இன்றும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

இவர் பேச்சு குழறுகிறது. மில்லில் நூல் அறுந்துகொண்டே இருப்பதாகச் சொல்லி யாரையோ திட்டினார். தெளிந்ததும் "என்ன தேதி?" என்று கேட்டார். சொன்னேன். "மாட்டுப் பொங்கலுக்கு ஊர்ல இருந்திருக்கலாம்" என்றார்.

மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன், காலை

காற்று ஓய்ந்துவிட்டது! யோப்பி சொன்னது சொன்னபடி. கடல் இன்னும் புரண்டுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வெள்ளை நுரை இல்லை.

எல்லாரும் எழுவதற்கு முன்பே எழுந்து லெவினாவின் அடுப்பில் பொங்கல் வைத்தேன். பச்சரிசி, தேங்காய்ப் பால், வெல்லக் கட்டி. பொங்கியபோது சத்தமாகச் சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் விழுந்து கிடந்த ஒரு தென்னையிலிருந்து குருத்தை உருவி, கிளி மடித்து, தோரணம் கட்டினேன். அம்மா சொல்லிக் கொடுத்தது, கை மறக்கவில்லை. கரையில் யோப்பியின் படகை ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் தோரணத்தைச் சுற்றிக் கட்டி, கும்பிட்டுவிட்டு வந்தேன். இவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு தாயே. படகு எவ்வளவு அழகாக இருந்தது!

இவருக்கு ஒரு ஸ்பூன் பொங்கல் ஊட்டினேன். முழுங்கினார். கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறோம். யோப்பி வர வேண்டியதுதான் பாக்கி.

அதே நாள், மாலை

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

யோப்பி வந்தான். படகைப் பார்த்தான். அப்படியே நின்றான். திரும்பிப் போய்விட்டான். படகைத் தள்ள வந்த ஆண்கள் பத்துப் பேரும் தூரத்தில் தென்னைகளுக்கு அடியில் போய் நின்றுகொண்டார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. நான் கூப்பிடுகிறேன், கையைக் காட்டுகிறேன், எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

லெவினா ஓடி வந்தாள். "இபு வாணி, யார் கட்டினது இது?"

"நான்தான். இன்னிக்கு எங்களுக்குப் பண்டிகை."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். இந்தத் தீவுகளில் குருத்தோலை கட்டினால் அது சாசி. சாசி என்றால் மூடுவது. தோப்பில் கட்டினால் தேங்காயைத் தொடக்கூடாது, கடலில் கட்டினால் மீனைத் தொடக்கூடாது, வீட்டில் கட்டினால் உள்ளே போகக்கூடாது. முறைப்படி திறந்து வைக்கும் வரைக்கும் தொட்டவன் விளங்க மாட்டான். மூடிய படகில் கடலுக்குப் போனவன் திரும்ப மாட்டான்.

"தோப்புல பாத்தீங்களே, கேக்கவே இல்லையே நீங்க?" என்றாள் லெவினா.

"இது அலங்காரம்! வெறும் அலங்காரம்!" என்று கத்தினேன். பத்தொன்பது வருஷமாகப் பேசிய மொழி, அந்த நேரத்தில் வார்த்தையே வரவில்லை. உள்ளே அவர் முனகுகிற சத்தம் கேட்டது. காற்று ஓய்ந்திருக்கிறது, ஒரு நாள்தான் ஓயும், வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடிப் போய்த் தோரணத்தைப் பிடித்து இழுத்தேன். அறுத்தேன். கிழித்து மணலில் போட்டு மிதித்தேன். "போச்சா? இப்ப போச்சா? வாங்க!"

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிற சத்தம். யோப்பியின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

லெவினா மட்டும் நின்றாள். "ஐயோ இபு. கட்டினதைக்கூடச் சரி பண்ணியிருக்கலாம்."

திறந்து வைக்கும் உரிமை மத்தியாஸ் என்ற பெரியவருக்குத்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். ஆள் போயிருக்கிறது. நடந்துதான் வர வேண்டும்.

இவர் கேட்டார்: "என்ன, படகு கெளம்பலையா?"

"எஞ்சின்ல ஏதோ கோளாறுங்க."

ஜனவரி 16, வெள்ளி

விடிந்ததும் மத்தியாஸ் கரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தேவாலயத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை, நின்றேன்.

"கட்டும்போது என்ன நினைச்சுக் கட்டினீங்க?"

"படகு பத்திரமாப் போய்ச் சேரணும்னு."

தலையாட்டினார். "தெரியாமக் கட்டினது தப்பில்ல. அதை நான் திறந்துடலாம். கிழிச்சது அப்படியில்ல. லெவினா சொன்ன பிறகுதானே கிழிச்சீங்க?"

"ஆமா."

"அப்ப தெரிஞ்சுதான் கிழிச்சிருக்கீங்க."

நான் அவர் காலில் விழுந்தேன். உடுமலையில் சாமியைத் தவிர யார் காலிலும் விழாதவள். அவர் பதறிப் பின்னால் போனார். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நான் திறக்கிறேன். உங்க வீட்டுக்காரர் போகட்டும். ஆனா கிழிச்ச கை அந்தப் படகுல ஏறக்கூடாது. ஏறினா யோப்பி எஞ்சினைத் தொட மாட்டான், நான் சொன்னாலும் தொட மாட்டான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வேண்டிக்கிட்ட பிறகு நீங்க எந்தப் படகுலயும் போலாம்."

"அவருக்கு உங்க மொழி தெரியாது! நான் இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டார்!"

மத்தியாஸ் கடலைப் பார்த்தார். "காத்து மதியத்துக்கு மேல திரும்பிடும், இபு."

உள்ளூர் மக்களின் வழக்கங்களை நம் ஆட்கள் யாரும் மதிப்பதில்லை, நான்தான் மதிக்கிறேன் என்று பூர்வகர்த்தாவில் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். இன்றைக்கு அந்த வழக்கத்தையும் இந்தத் தீவையும் அடியோடு வெறுத்தேன். அந்த ஏரி வற்றிப் போகட்டும் என்று நினைத்தேன்.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். எஞ்சின் கோளாறு இல்லை என்பதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, "என்னை மட்டும் உடுவாங்களா?" என்றார்.

"நான் உட மாட்டேன். சண்டை போடறேன்."

"சண்டை போட்டா என்ற காலு ஆறுமா புள்ள? நான் போறேன்."

"அங்க போயி என்னன்னு பேசுவீங்க?"

"இத்தன வருசமா நீயே பேசிட்டிருந்த. ஒரு நாளைக்கு நான் பேசறேன்." சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கூடவே நடந்தபடி வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன். சாக்கித், வலி. குலா, சர்க்கரை. காக்கி, கால். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பாதி வழியில் மறந்துவிட்டார். மறுபடி சொன்னேன்.

மத்தியாஸ் புதிதாக ஒரு குருத்தோலையைப் படகில் கட்டினார். ஜெபம் செய்தார். அதை அவிழ்த்தார், கிழிக்காமல், முடிச்சைப் பிரித்து. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. ஆண்கள் ஓடி வந்து படகைத் தள்ளினார்கள். நான் முழங்கால் அளவு தண்ணீர் வரைக்கும் போனேன். லெவினா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கையைத் தூக்கினார். டாட்டா காட்டினாரா, என்னைக் கூப்பிட்டாரா, தெரியவில்லை.

ஜனவரி 17, சனி

காற்று திரும்பிவிட்டது. படகு போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல யாரும் இல்லை.

அவர் படுத்திருந்த பாயைத் துவைத்தேன். சட்டைகளைத் துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். லெவினா பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஊரே எனக்காகப் பாடியது. யோப்பியின் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனும் அந்தப் படகில்தான் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இரண்டு நாளாக அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழித்த கையைத்தான்.

மத்தியாஸ் வெளியே வந்து, "இனி உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு?

லெவினா கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அன்னிக்குப் புதன்கிழமை ஏன் இபு போகலை?"

தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

ஒன்றும் இல்லை. மழை.

ஜனவரி 20, செவ்வாய்

யோப்பி வந்துவிட்டான்!

கரையிலிருந்து பார்த்தபோது படகில் ஒருத்தன்தான் நின்றான். அவன் மனைவி தண்ணீரில் இறங்கி ஓடினாள். அவன் அவளைத் தாண்டி என்னிடம் வந்தான்.

"உயிரோட இருக்கார் இபு. இருக்கார்."

பிறகு சொன்னான். வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். விஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்றார்களாம். இவரிடம் சைகை காட்டிப் பேசினார்களாம், இவருக்குப் புரியவில்லை. எதைக் கேட்டாலும் "வாணி, வாணி" என்றாராம். யோப்பி தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"தப்பா இபு?" என்று கேட்டான். முகமெல்லாம் உப்பு, கண் சிவந்து கிடந்தது. அவனைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதேன்.

நாளைக்கு விடியற்காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போகலாம் என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். எழுத முடியவில்லை.

இவர் ஆறு கட்டில் போட்ட அறையில், ஜன்னல் ஓரமாக இருக்கிறார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. நான் அந்தத் தட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வந்துட்டியா" என்றார். "அலை சாஸ்தியா?" என்று கேட்டார். ஐந்து நாள் பேச ஆளில்லாமல் கிடந்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி அது. இங்கே எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்களாம், கஞ்சி கொடுக்கிறார்களாம். வலிக்கும்போது "குலா, குலா" என்று சொல்லிவிட்டாராம், நர்ஸ் பயந்துபோய் சர்க்கரை பார்த்தாளாம். வலிக்கு என்ன வார்த்தை என்பது மறந்துபோய்விட்டது என்றார்.

முகம் வற்றிவிட்டது. சவரம் செய்துவிட்டேன். நகம் வெட்டினேன். ஒரு கால்தான். ஐந்து விரல்.

இன்று காலை டாக்டர் வந்தார். இளம் வயது, தூங்காத கண். கேஸ் எழுத வேண்டும், இப்போதுதான் மொழி தெரிந்த ஆள் கிடைத்திருக்கிறது என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை எத்தனை வருஷமாக? என்ன மாத்திரை? காயம் எப்படிப் பட்டது? எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

"காயம் ஆறாம் தேதி. இங்க வந்தது பதினாறாம் தேதி" என்றார் டாக்டர். "ரெண்டாவது நாள் வந்திருந்தாக்கூடக் காலைக் காப்பாத்தியிருக்கலாம். புதன்கிழமை அங்கிருந்து படகு உண்டே. ஏன் வரலை?"

யோப்பி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் கால்களைப் பார்த்தான்.

இத்தனை நாளாக இந்த நோட்டில் நான் எதையெல்லாமோ எழுதிப் பார்த்தேன். சின்னக் காயம், அவரே வற்புறுத்தவில்லை, போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டர் முகத்துக்கு நேராக அதில் ஒன்றைக்கூடச் சொல்ல வரவில்லை.

"என்ன கேக்கறாரு?" என்றார் இவர்.

"ஏன் உடனே வரலைன்னு கேக்கறாருங்க. புதன்கிழமை."

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். களைப்புத்தான் இருந்தது.

"அன்னிக்குப் படகு வரலைன்னு சொல்லு."

"என்னுங்க..."

"சொல்லு வாணி. காத்து அதிகம், படகு வரலை."

நான் டாக்டரிடம் திரும்பினேன். அன்றைக்குக் காற்று அதிகம், படகு வரவில்லை என்று சொன்னேன். டாக்டர் யோப்பியைப் பார்த்தார். யோப்பி ஒன்றும் பேசவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இவர் போர்வைக்கு வெளியே கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பிடித்துக்கொண்டேன்.